கதைக்குள் நுழைந்த ஓவியங்கள்: ஆலிஸ் நூற்சித்திரங்களின் கலப்புக் கலை

புகழ்பெற்ற ஓவியம் ஒன்றையும் செவ்வியல் கதைமாந்தர் ஒருவரையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்து விளையாடும் கலை இன்று சுவரொட்டி, வாழ்த்து அட்டை, தேநீர்க் கோப்பை, கைப்பேசித் திரை என எங்கும் பரவிக் கிடக்கிறது. மோனாலிசாவின் முகத்தை எடுத்துவிட்டு வேறொரு முகத்தை ஒட்டுவதோடு நின்றுவிடும் படங்களே அவற்றுள் மிகுதி என்பதால், இக்கலை முழுவதையும் நொடிநேர வேடிக்கை என்று ஒதுக்கிவிடுவோரும் உண்டு. லூயிஸ் கரோல் எழுதி 1865இல் வெளிவந்த 'ஆலிஸின் அற்புத உலகம்' என்ற நூலுக்கும் அதன் தொடர்ச்சிக்கும் சித்திரம் வரைந்தோரின் பணியை ஊன்றிப் பார்ப்பவர்க்கு அந்த எண்ணம் நிலைக்காது. கதையில் ஆசிரியர் விட்டுச் சென்ற வெற்றிடத்தைக் கண்டுபிடித்து, அந்த இடத்துக்குப் பொருந்தும் ஓவியத்தைத் தேடி எடுத்து வந்து அமர்த்துவது, கதையையும் ஓவியத்தையும் ஒருசேரப் புரிந்துகொண்டவரால் மட்டுமே இயலும் திறனாய்வுச் செயல் என்பதை அந்தச் சித்திரங்கள் மெய்ப்பிக்கின்றன.

இக்கலைக்கு ஆலிஸ் கதை இயல்பாகவே இடங்கொடுப்பதற்குக் காரணம், அந்த நூலே கலப்பினால் ஆனது என்பதுதான். ஆக்ஸ்ஃபோர்டு கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் கணிதம் கற்பித்த சார்ல்ஸ் லட்விட்ஜ் டாட்ஜ்சன், 1862 ஜூலை 4 அன்று கல்லூரித் தலைவரின் மூன்று பெண்களைப் படகில் அழைத்துச் சென்றபோது வாய்மொழியாகச் சொல்லத் தொடங்கிய கதையையே பின்னர் லூயிஸ் கரோல் என்ற புனைபெயரில் நூலாக்கினார். அந்நூலில் ஆலிஸ் ஒப்பிக்கும் பாடல்கள் பல, விக்டோரியா காலப் பள்ளிக் குழந்தைகள் மனப்பாடம் செய்த அறநெறிப் பாடல்களின் பகடிகள் ஆகும். பகடி என்பது மூலத்தின் ஓசையையும் வடிவத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு பொருளை மட்டும் தலைகீழாக்கிச் சிரிப்பூட்டும் முறை. ஐசக் வாட்ஸ் என்ற சமயக் கவிஞர் சுறுசுறுப்பான தேனீயைக் காட்டிக் குழந்தைகளுக்கு உழைப்பைப் போதித்தார் என்றால், கரோலின் கையில் அந்தத் தேனீ, புன்னகையோடு மீன்களை விழுங்கும் முதலையாகிவிட்டது. வாட்ஸின் தேனீயை அறிந்தவர் இன்று மிகச் சிலரே. ஆயினும் முதலைப் பாட்டு வாழ்கிறது. மூலத்தை மறந்த பிறகும் நிற்க வல்லதா என்ற இந்தச் சோதனையையே ஓவியக் கலப்புக்கும் வைத்துப் பார்க்கலாம்.

அச்சோதனையில் முதலில் வென்றவர் ஜான் டெனியல். 'பஞ்ச்' என்ற இலண்டன் நகைச்சுவை வார இதழின் முதன்மைக் கேலிச்சித்திரக்காரராக விளங்கிய அவர் முதல் நூலுக்கு 42 படங்களும், 'கண்ணாடியின் ஊடாக' என்ற தொடர்ச்சிக்கு 50 படங்களும் வரைந்தார். அவர் வரைந்தவற்றை டால்சியல் சகோதரர்களின் பட்டறையினர் பெட்டிமரம் என்னும் கடினமான மரக்கட்டைகளில் செதுக்கினர். மைபடாமல் வெண்மையாக நிற்க வேண்டிய பகுதியைக் குடைந்தெடுத்து, கருங்கோடாக நிற்க வேண்டியதை மட்டும் மேடாக விட்டுவைக்கும் இம்முறையில் நிறத்துக்கு இடமில்லை. நிழல், தசை, துணி, புகை ஆகிய எல்லாவற்றையும் கோடுகளின் நெருக்கத்தாலேயே காட்டியாக வேண்டும். மாதிரியாக யாரையும் எதிரே அமர்த்தாமல் நினைவிலிருந்தே வரைவது டெனியலின் வழக்கம் என்பதால், அவர் பார்த்துப் பழகிய படங்களெல்லாம் அவருடைய நினைவில் ஒரு பெருங்கிடங்காகச் சேர்ந்திருந்தன என்று கொள்வதில் தவறில்லை.

அந்தக் கிடங்கிலிருந்து வெளிப்பட்டவற்றுள் தலைசிறந்தது, ஆறாம் அத்தியாயத்தில் வரும் டச்சஸ் எனப்படும் கோமாட்டியின் உருவம். மிளகுப் பொடி மண்டிய சமையலறையின் நடுவே முக்காலியில் அமர்ந்து, கதறும் குழந்தையை மடியில் வைத்திருக்கும் அப்பெண்ணின் தோற்றத்தைப் பற்றிக் கரோல் கூறுவது மிகக் குறைவு. அவள் மிகவும் அழகற்றவள் என்பதும், அவளுடைய முகவாய்க்கட்டை ஆலிஸின் தோளில் குத்தும் அளவுக்குக் கூரியது என்பதும், அவையும் பின்னர் ஓர் அத்தியாயத்திலேயே தெரியவருகின்றன. இந்த வெற்றிடத்தில் டெனியல் கொண்டுவந்து அமர்த்திய முகம், ஆண்ட்வெர்ப் நகரத்து ஓவியர் குவென்டின் மாசீஸ் ஏறத்தாழ 1513இல் தீட்டிய ஒரு முதியவளின் முகத்தோடு ஒத்திருப்பதைக் கலை வரலாற்றாளர் நெடுங்காலமாகச் சுட்டிவருகின்றனர்.

மாசீஸின் ஓவியத்தை அணுகிப் பார்த்தால் இந்தப் பொருத்தம் விளங்கும். இரு கொம்புகளைப் போல் அகன்று உயர்ந்த தலையணி, அதன் நடுவே பதித்த பொற்பதக்கம், பின்னால் தொங்கும் வெண்மையான முக்காட்டுத் துணி, சுருக்கம் விழுந்த மார்பை இறுக்கிப் பிடிக்கும் தாழ்ந்த கழுத்துச் சட்டை, நீண்டு அகன்ற மேலுதடு, தட்டையான மூக்கு, விரல்களுக்கிடையே விரியாத ஒரு ரோஜா மொட்டு என ஒவ்வொன்றும் நகையையும் பட்டையும் வரைவதற்குரிய அதே பொறுமையோடு தீட்டப்பட்டுள்ளது. அந்தத் தலையணி ஓவியம் பிறந்த காலத்திலேயே பல பத்தாண்டுகள் பழமையான பாணியாகிவிட்டிருந்தது. ஆகவே வயதை மறந்து இளமைக் கோலம் பூணும் முதுமையை எள்ளுவதே ஓவியத்தின் நோக்கம் என்று கொள்வர். மூப்பெய்தியும் காதல் நாடும் பெண்டிரை அக்காலத்து அறிஞர் எராஸ்மஸ் தம் 'மடமையின் புகழுரை' நூலில் கேலி செய்தது இந்த ஓவியத்துக்குத் தூண்டுதலாக இருந்திருக்கக்கூடும் என்ற கருத்தும் உண்டு. அது சரியெனில், நூலிலிருந்து ஓவியத்துக்கு வந்த ஒரு முகம் மூன்றரை நூற்றாண்டு கழித்து மீண்டும் நூலுக்குள் புகுந்தது என்றாகும்.

டெனியல் செய்தது படியெடுப்பு அன்று என்பது இரண்டையும் அருகருகே வைக்கும்போது தெளிவாகிறது. வண்ணத்தையும் ரோஜா மொட்டையும் தாழ்ந்த சட்டையையும் விட்டுவிட்டு, தலையணியின் அகன்ற வடிவத்தையும் முகத்தின் கனத்தையும் மட்டும் அவர் எடுத்துக்கொண்டார். ரோஜா மொட்டு இருந்த கையில் இப்போது குழந்தை இருக்கிறது. காதலை நாடியிருந்த முகம் இப்போது யாரையும் பொருட்படுத்தாத அதிகாரத்தின் முகமாகிறது. மாசீஸின் முதியவளிடம் காணப்படும் நப்பாசை டெனியலின் கோமாட்டியிடம் இல்லை. அந்த இடத்தில் சிடுசிடுப்பு குடியேறியிருக்கிறது. கரோல் சொன்ன கூரிய முகவாயைவிட அகலமும் கனமுமே இந்த முகத்தில் மேலோங்கி நிற்பதால், எழுத்துக்கும் ஓவியத்துக்கும் முரண் வந்த இடத்தில் டெனியல் ஓவியத்தின் பக்கமே நின்றார் என்று சொல்ல வேண்டும். அந்தத் தேர்வு சரியானதே. ஏனெனில் குத்தும் முகவாய் ஒரு தொந்தரவைத்தான் தரும், பாறையைப் போன்ற அந்தத் தலையோ குழந்தையின் கண்ணுக்குப் பெரியவர்களின் உலகம் எவ்வளவு பெரிதாகவும் எவ்வளவு பொருத்தமற்றதாகவும் தோன்றும் என்பதையே காட்டிவிடுகிறது.

1865இல் மாசீஸின் ஓவியம் தனியார் வசம் இருந்தது. இலண்டன் தேசியக் காட்சியகத்துக்கு அது வந்து சேர்ந்தது 1947இல்தான். எனவே டெனியலின் படத்தைக் கண்டு சிரித்த முதல் தலைமுறைக் குழந்தைகளுள் பெரும்பாலோர்க்கு மூலம் எதுவென்றே தெரிந்திருக்க வழியில்லை. தெரியாமலேயே அவர்கள் சிரித்தார்கள், சற்றே அஞ்சவும் செய்தார்கள். மூலத்தை அறிந்தவர்க்கு அந்தச் சிரிப்பின் அடியில் இன்னோர் அடுக்கு திறக்கிறது. இன்று நிலைமை தலைகீழாகி, அந்தக் காட்சியகத்தில் மாசீஸின் ஓவியத்தைப் பார்ப்பவர்கள் அதை 'அழகற்ற கோமாட்டி' என்றே அழைக்கின்றனர். ஆலிஸ் நூற்சித்திரத்தின் புகழ் அந்தப் பழைய பலகை ஓவியத்தின் புகழோடு இரண்டறக் கலந்துவிட்டது.

தொடர்ச்சி நூலில் ஆலிஸ் இரயில் பெட்டியில் அமர்ந்திருக்கும் படம், இதே உத்தியின் மென்மையான வடிவம். இறகு செருகிய தொப்பியோடும், கைகளைக் குளிருக்கு நுழைத்துக்கொள்ளும் மென்மயிர் உறையோடும் விறைத்து அமர்ந்திருக்கும் அந்தச் சிறுமி, ஜான் எவரெட் மில்லே 1863இல் காட்சிக்கு வைத்த 'என் முதல் பிரசங்கம்' ஓவியத்துச் சிறுமியை நினைவூட்டுகிறாள். பெட்டியின் அமைப்போ அகஸ்டஸ் எக் 1862இல் தீட்டிய 'பயணத் தோழியர்' ஓவியத்தை ஒத்திருக்கிறது. மில்லேயின் சிறுமி தேவாலய இருக்கையில் விழிகளை அகல விரித்துக்கொண்டு, தனக்குப் புரியாத ஒரு பிரசங்கத்தைக் கட்டுப்பாட்டோடு கேட்டுக்கொண்டிருக்கிறாள். பயணச்சீட்டு இல்லாமல் ஏறிய ஆலிஸுக்கும் பெட்டியிலுள்ள ஆடு, வண்டு, காகித உடை அணிந்த கனவான் உட்பட அனைவரும் புத்திமதி சொல்கிறார்கள். பிரசங்கம் கேட்கும் குழந்தையின் முகத்தைப் புத்திமதிக்கு இலக்கான குழந்தைக்குப் பொருத்திய நுட்பம், அந்த ஆண்டுகளின் கண்காட்சி ஓவியங்களை அறிந்த வாசகர்க்கு உடனே விளங்கியிருக்கும். அறியாத வாசகர்க்கோ, நல்ல பிள்ளையாக இருக்க முயன்று திணறும் ஒரு சிறுமியின் நிலை அப்போதும் தெரியும்.

அடுத்த நூற்றாண்டில் ஆலிஸைத் தம்முடையவளாகவே வரித்துக்கொண்டவர்கள் சர்ரியலிசக் கலைஞர்கள். பகுத்தறிவின் காவலைத் தளர்த்தி, கனவின் தருக்கப்படி பொருள்களை இணைத்துக் காட்டும் இவ்வியக்கத்தின் தலைவர் ஆந்த்ரே பிரெத்தோன், தாம் தொகுத்த 'கரிய நகைச்சுவைத் தொகை' நூலில் கரோலுக்கு இடமளித்தார். நாஜிப் படைகளிடமிருந்து தப்பி, பிரான்சை விட்டு வெளியேற அனுமதி கிடைக்கும்வரை மார்செய் நகரில் 1940, 1941ஆம் ஆண்டுகளில் காத்திருந்த இக்கலைஞர்கள், தங்களுக்கெனப் புதிய சீட்டுக்கட்டு ஒன்றை வரைந்தனர். அரசர், அரசி ஆகியோரை நீக்கிவிட்டுத் தாங்கள் போற்றியவர்களை அச்சீட்டுகளில் அமர்த்தினர். அதில் கனவு என்ற வகைச் சீட்டுகளுள் ஒன்று ஆலிஸுக்குக் கிடைத்தது. வரைந்தவர் கியூபாவைச் சேர்ந்த விஃப்ரெதோ லாம். கதையின் முடிவில் சீட்டுக்கட்டைப் பார்த்து, நீங்கள் வெறும் சீட்டுகள்தானே என்று கேட்ட சிறுமியையே சீட்டாக்கியது, உயிருக்கு அஞ்சிக் காத்திருந்த நாட்களிலும் அவர்கள் கதையை எவ்வளவு கூர்மையாகப் படித்திருந்தார்கள் என்பதற்குச் சான்று.

இவ்வழியில் வந்த படைப்புகளுள் மணிமகுடம் என்று கூறத்தக்கது, சர்ரியலிச ஓவியர் சால்வடோர் டாலி 1969இல் வெளியிட்ட ஆலிஸ் படத்தொகுப்பு. நியூயார்க்கின் மெசினாஸ் பதிப்பகமும் ரேண்டம் ஹவுஸும் சேர்ந்து வெளியிட்ட இத்தொகுப்பில், முகப்பில் ஒரு செப்புத்தகட்டுச் செதுக்கோவியமும், பன்னிரண்டு அத்தியாயங்களுக்கும் ஒவ்வொன்றாகப் பன்னிரண்டு ஹீலியோகிராவூர் படங்களும் உள்ளன. ஹீலியோகிராவூர் என்பது ஓவியத்தை ஒளிப்பட முறையில் செப்புத் தகட்டுக்கு மாற்றி, அமிலத்தால் நுண்ணிய குழிகளாக அரித்து, அக்குழிகளின் ஆழத்துக்கேற்ப மையை ஏற்று அச்சிடும் முறை. நீர்வண்ணத்தின் கசிவும் கறையும் மங்கலும் குன்றாமல் தாளில் இறங்குவதற்கு இது உகந்தது. டெனியலின் கருங்கோட்டு உலகத்திலிருந்து டாலியின் வண்ணக் கசிவு உலகத்துக்கு வருபவர், விழித்த கண்ணால் கண்ட கனவிலிருந்து உறங்கும் கண்ணால் காணும் கனவுக்கு வந்துவிட்டதை உணர்வார்.

இத்தொகுப்பில் ஏழாம் அத்தியாயமாகிய பைத்தியக்காரத் தேநீர் விருந்துக்கு டாலி வரைந்த படம் தனித்து நின்று பார்க்கத்தக்கது. மரம் ஒன்று நடுவே ஊடுருவி நிற்க, விருந்து மேசையாகப் பரந்து, விளிம்பில் வழிந்து தொங்குவது ஓர் உருகும் கடிகாரம். 1931இல் அவர் தீட்டி, இன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் உள்ள 'நினைவின் நிலைபேறு' ஓவியத்தின் கடிகாரமே அது. ஏ4 தாளைவிடச் சற்றே பெரிதான அந்தச் சிறிய ஓவியத்தில், மரக்கிளையிலும் மேடை விளிம்பிலும் உருத்தெரியாத ஒரு முகத்தின் மீதும் மூன்று கடிகாரங்கள் துவண்டு கிடக்கின்றன. உலகப் புகழ் பெற்ற தம் சொந்த ஓவியத்தையே டாலி கதைக்குள் கொண்டுவந்தார் என்பதால், இதைத் தன்விளம்பரமாகக் கருதிக் கடந்து செல்பவர் இழப்பது பெரிது.

கதையில் அந்த விருந்தில் அமர்ந்திருக்கும் தொப்பிக்காரருக்கும் காலத்துக்கும் மனத்தாங்கல் ஏற்பட்டுவிட்டதால் அவருக்கு எப்போதும் மாலை ஆறு மணியாகவே இருக்கிறது. ஆறு மணி தேநீர் நேரம் என்பதால் விருந்து முடிவதே இல்லை, கோப்பைகளைக் கழுவ நேரம் கிடைப்பதுமில்லை, எனவே விருந்தினர் ஓர் இருக்கையிலிருந்து அடுத்த இருக்கைக்கு மேசையைச் சுற்றி நகர்ந்துகொண்டே இருக்கிறார்கள். மேசையே கடிகாரமானால் அதன் விளிம்பைச் சுற்றி நகரும் விருந்தினர் யார் என்ற கேள்விக்கு விடை சொல்லத் தேவையில்லை. காலத்தைக் காட்ட மறுத்த முட்களின் வேலையை அவர்கள் செய்கிறார்கள். கரோல் எழுத்தில் மறைத்து வைத்திருந்த வடிவத்தை டாலியின் ஒரே படம் வெளிக்கொணர்ந்துவிட்டது.

பொருத்தம் அதோடும் நிற்கவில்லை. தொப்பிக்காரரின் சட்டைப்பைக் கடிகாரம் பழுதானதற்குக் காரணம், விருந்தில் உடனிருக்கும் மார்ச் முயல் அதன் சக்கரங்களுக்கு வெண்ணெய் தடவியதுதான். பழுதை நீக்க வழி தெரியாமல் முயல் அதைத் தேநீரில் தோய்த்தும் பார்க்கிறது. டாலியோ, மேசையில் மிச்சமிருந்த கமாம்பேர் என்ற மென்மையான பாலாடைக்கட்டி குழைந்ததைப் பற்றி எண்ணிக்கொண்டிருந்த இரவில்தான் உருகும் கடிகாரங்கள் தம் மனத்தில் தோன்றின என்று தன்வரலாற்றில் கூறியுள்ளார். வெண்ணெய் தின்ற கடிகாரமும் பாலாடைக்கட்டியாகக் குழைந்த கடிகாரமும் ஒன்றையொன்று அறியாமல் இரண்டு நாடுகளில் பிறந்தவை. இரண்டிலும் காலம் என்ற கடுமையான அதிகாரி சாப்பாட்டு மேசையின் வெதுவெதுப்பில் இளகிப் போகிறார். முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்பு தாம் வரைந்த கடிகாரத்துக்குரிய கதை எது என்பதை டாலி 1969இல் கண்டுபிடித்தார் என்றே சொல்லலாம்.

தொகுப்பு முழுவதும் தொடரும் இன்னோர் உருவமும் அவருடைய பழைய ஓவியங்களிலிருந்து வந்ததே. தலைக்கு மேல் வளைந்து நிற்கும் கயிற்றைச் சுழற்றித் தாண்டும் சிறுமியை 1935, 1936ஆம் ஆண்டுகளின் ஓவியங்களில் அவர் வரைந்திருந்தார். ராட்டர்டாம் நகர அருங்காட்சியகத்தில் உள்ள ஓவியத்தில் அவள் பரந்த வெட்டவெளியில் தன்னந்தனியே ஆடுகிறாள். ஆலிஸ் தொகுப்பின் ஒவ்வொரு படத்திலும், ஓரிடத்தில் பெரிதாகவும் பிறிதோரிடத்தில் மிகச் சிறிதாகவும், முகம் தெரியாத நிழலுருவாக அவள் வருகிறாள். கதையில் ஆலிஸ் எங்கும் கயிறு தாண்டுவதில்லை. ஆனால் வளர்ந்தும் சுருங்கியும் தன் அளவையே இழந்துவிட்ட ஆலிஸை, நீ யார் என்று கம்பளிப்புழு கேட்கும்போது அவளால் விடை சொல்ல முடிவதில்லை. அந்த விடையின்மைக்கு முகமில்லாத சிறுமியைவிடப் பொருத்தமான உருவம் வேறெதுவும் இருக்க முடியாது. டெனியல் எழுத்தின் வெற்றிடத்தை நிரப்பினார் என்றால், டாலி அதை வெற்றிடமாகவே காட்டும் துணிவைப் பெற்றிருந்தார். நெடுங்காலம் செல்வர்களின் சேகரிப்புகளுக்குள் முடங்கியிருந்த இத்தொகுப்பை, கதையின் நூற்றைம்பதாம் ஆண்டாகிய 2015இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பதிப்பகம் எல்லோரும் வாங்கத்தக்க நூலாக வெளியிட்டது.

குழந்தைகளுக்காகவே இக்கலையை வளர்த்தவர் ஆங்கிலேயச் சித்திரக்கதை ஆசிரியர் ஆந்தனி பிரௌன். மருத்துவமனையில் அறுவை சிகிச்சைகளைத் துல்லியமாக வரையும் மருத்துவ ஓவியராகப் பணியாற்றிய அவருக்கு, நம்பவியலாத பொருளை நம்பவைக்கும் நுணுக்கத்தோடு தீட்டிய பெல்ஜிய ஓவியர் ரெனே மாக்ரித்திடம் ஈடுபாடு வந்தது வியப்பன்று. 1988இல் அவர் சித்திரம் தீட்டிய ஆலிஸ் நூலில் மாக்ரித்தின் சாயல் பல இடங்களில் படிந்திருக்கிறது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த 'வில்லியின் படங்கள்' நூலிலோ, வில்லி என்ற சிம்பன்சி புகழ்பெற்ற ஓவியங்களைத் தன் விருப்பப்படி மாற்றி வரைகிறான். போத்திசெல்லியின் வீனஸும் புருகலின் பாபேல் கோபுரமும் அவன் கையில் வேறு கோலம் பூணுகின்றன. நூலின் இறுதியில் விரித்துப் பார்க்கும் பக்கங்களில் மூல ஓவியங்கள் குறிப்புகளோடு அச்சிடப்பட்டுள்ளன. முதலில் விளையாட்டு, பிறகு மூலம் என்ற இந்த வரிசை, குழந்தையின் ரசனை வளரும் இயல்பான வரிசையாகும்.

இவற்றையெல்லாம் ஒருங்கே வைத்து நோக்கினால், தரமான கலப்பையும் தரமற்ற கலப்பையும் பிரித்தறியும் அளவுகோல் கிடைக்கிறது. ஓவியத்துக்கும் கதைக்கும் பொதுவான ஒரு கேள்வி இருக்க வேண்டும். மாசீஸும் கரோலும் பொருந்தாக் கோலத்தைப் பற்றியும், மில்லேயும் கரோலும் அடங்கி நடக்கும் குழந்தையைப் பற்றியும், டாலியும் கரோலும் இளகிவிட்ட காலத்தைப் பற்றியும் கேட்டார்கள். கலந்தபின் இரண்டுக்கும் ஏதேனும் புதிதாகக் கிடைத்திருக்க வேண்டும். மூலத்தை அறியாதவர் முன்னும் படம் தன் காலில் நிற்க வேண்டும். முகத்தை மட்டும் மாற்றி ஒட்டும் படங்கள் இம்மூன்றிலும் தோற்பதால்தான் பார்த்த மறுகணமே மறந்துபோகின்றன. அவற்றைக் கொண்டு இக்கலை முழுவதையும் எடைபோடுவது நீதியாகாது.

ஆலிஸ் கதையைக் குழந்தைகளுக்கு வாங்கித் தருவோர், படமில்லாத பதிப்பையோ படங்களைச் சிறிதாக்கி மங்க அச்சிட்ட பதிப்பையோ தவிர்த்து, டெனியலின் படங்கள் முழுமையாகவும் தெளிவாகவும் உள்ள பதிப்பையே தேர்ந்தெடுக்க வேண்டும். வாய்ப்புள்ளோர் டாலியின் தேநீர் விருந்தை அதனருகே வைத்துக் காட்டலாம். மூலம் எது என்பதைக் குழந்தை கேட்கும்வரை பொறுத்திருந்து, கேட்டபின் சொல்வதே முறை. அந்தக் கேள்வி எழும்போது விடை கையெட்டும் தொலைவில் இருக்கும்படி, கலப்போவியங்களைத் தாங்கிவரும் சிறுவர் நூல்கள் அனைத்திலும் பிரௌனின் நூலில் உள்ளதைப் போல மூல ஓவியத்தின் படத்தையும் அதை வரைந்தவரின் பெயரையும் கடைசிப் பக்கங்களில் அச்சிடுவதைப் பதிப்பாளர்கள் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.